மூன்று முறை தட்டினாள்

என் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, நீங்கள் ஜூடோ வீராங்கனையாமே என்று மராத்தியில் கேட்பார்கள். ஆமாம் என்பேன். எங்கே, என்னைத் தூக்கிப் போடுங்கள் பார்ப்போம் என்று ஒரு தடியன் கட்டாயம் சொல்வான். இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துகொள்வேன். அந்தப் பேச்சு வளர்வதில் எனக்கு இஷ்டமில்லை. வளர்ந்தால் அது கசகஸ்தானிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் போய் நிற்கும்.

அவள் கையை நான் உடைத்தேன். அதையாவது சொல்லிவிடலாம், இந்த விளையாட்டில் கை உடைவது நடப்பதுதான். அதற்கப்புறம் ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்தேன். இந்த வேலை, இந்த நாற்காலி, மாதம் பிறந்தால் வரும் சம்பளம் எல்லாம் அந்தப் பொய் போட்ட பிச்சை.

நான் புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கும் அதே ஃபேக்டரி, அதே குவார்ட்டர்ஸ். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, மார்க்கெட்டில் மராத்தி. தமிழ் எழுதப் படிக்க அம்மாதான் கற்றுக்கொடுத்தாள், அதுவும் அடித்து. ஜூடோவுக்குப் போனது ஆசையால் அல்ல. பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டருக்கு நாற்பத்தெட்டு கிலோப் பிரிவில் நிறுத்த ஒரு பெண் கிடைக்கவில்லை. பெண்களுக்கு இருப்பதிலேயே குறைந்த எடை அதுதான். என்னை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார், முள் நாற்பத்து மூன்றைத் தொட்டது, அவர் முகம் மலர்ந்தது. மறுவாரம் நான் மாவட்ட அணியில் இருந்தேன். அணியில் அந்தப் பிரிவில் வேறு ஆளே இல்லை என்பதை வீட்டில் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கசகஸ்தானிலிருந்து ஒரு கோச் இரண்டு வருட ஒப்பந்தத்தில் புனேவுக்கு வந்தார். சோவியத் நாடு உடைந்து, அவர்கள் ஊரில் பயிற்சிக் கூடங்களில் சம்பளம் நின்றுபோயிருந்த சமயம். ஐம்பது வயது இருக்கும். குட்டையான ஆள், காதுகள் இரண்டும் நசுங்கித் தடித்துப்போயிருக்கும். அவருக்கு ஆங்கிலத்தில் முப்பது வார்த்தை, இந்தியில் பத்து வார்த்தை தெரியும். அதை வைத்துக்கொண்டே எங்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். நாங்கள் அவரை சார் என்று கூப்பிட்டோம். சிஞ்ச்வட்டில், மூடிப்போன ஓர் என்ஜினியரிங் கம்பெனியின் பழைய கேண்டீன்தான் எங்கள் பயிற்சிக் கூடம். தகரக் கூரை, சுவரில் இன்னும் சாப்பாட்டு விலைப் பலகை. கட்கியிலிருந்து விடியற்காலை லோக்கல் ரயிலைப் பிடித்து அங்கே போய்ச் சேருவேன்.

அவர் வந்த முதல் வருடம் மாநிலப் போட்டியில் எனக்கு ஒரு சங்கதி நடந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஜூடோவில் தூக்கிப் போடுவது பாதிதான். கீழே விழுந்த பிறகு எதிராளியின் கையைப் பிடித்து முழங்கை மடங்காமல் நீட்டிப் பூட்டிவிடலாம். வலி தாங்காதவள் தன் இன்னொரு கையால் நம் உடம்பிலோ தரையிலோ தட்டுவாள். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம், உடனே விட்டுவிட வேண்டும். அந்தப் போட்டியில் சாங்லிப் பெண் ஒருத்தியை அப்படிப் பூட்டினேன். அவள் என் தொடையில் தட்டினாள். நான் விட்டேன். நடுவர் மறுபக்கம் நின்றிருந்தார், பார்க்கவில்லை. அவள் எழுந்து, தட்டவே இல்லை என்று சாதித்தாள். ஆட்டம் தொடர்ந்தது. அடுத்த நிமிஷம் என்னை முதுகு அதிரக் கீழே போட்டாள். ஊரே பார்க்க நான் அழுதேன்.

சார் என்னை மேட் என்கிற ஆட்டப் பாயின் ஓரத்துக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தார். தன் கையால் என் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "பிராக்டிஸ், ஹேண்ட்" என்றார். பிறகு தன் வாயைத் தொட்டு, "ஃபைட், வேர்ட்" என்றார். பயிற்சியில் கை தட்டினால் விடு. போட்டியில் நடுவர் 'மாத்தே' என்று நிறுத்தச் சொன்னால்தான் விடு. அன்று முதல் சனிக்கிழமைகளை அவர் போட்டி நாளாக்கினார். வணக்கம், கடிகாரம், புள்ளிப் பலகை எல்லாம் உண்டு, அவர்தான் நடுவர். சனிக்கிழமை அவர் வார்த்தைக்கு முன்னால் பிடியை விட்டால் கூடத்தை இருபது சுற்று ஓட வேண்டும். நான் பல தடவை ஓடியிருக்கிறேன்.

இரண்டாவது வருடம் மழை விட்டபின் அந்தக் கசகஸ்தான் பெண் வந்தாள். பத்து வயதிலிருந்து அவரிடம் கற்றவள், அவர்கள் நாட்டின் நாற்பத்தெட்டு கிலோ சாம்பியன், வெளிநாட்டுப் போட்டியில் பதக்கம் வாங்கியவள். அங்கே கூடத்தில் குளிருக்கு அடுப்பு எரிக்கக்கூட வழியில்லை, குளிர்காலம் முழுக்க இவள் பயிற்சி கெட்டுவிடும் என்று சார் தன் செலவில் இங்கே வரவழைத்திருந்தார். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம், இருபத்திரண்டு. கன்னம் எப்போதும் வெயில் பட்டது போலச் சிவந்திருக்கும். காலையில் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் விரல்களுக்கு ஒவ்வொன்றாகப் பிளாஸ்திரி சுற்றுவார். எங்கள் விரல்களை நாங்களேதான் சுற்றிக்கொள்ள வேண்டும். யாரையாவது அழகாகத் தூக்கிப் போட்டால் அவள் முதலில் பார்ப்பது சாரின் முகத்தைத்தான். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அவளுக்கு அந்த முகத்தில் ஏதோ படிக்கக் கிடைக்கும், உச்சி குளிர்ந்து திரும்புவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். அதை மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவாள். ஹாஸ்டல் சப்பாத்தியைத் தின்று இளைத்துப்போனவளை முதல் தரம் பார்த்துவிட்டு அம்மா என்னிடம் தமிழில் கேட்டாள், "இன்னாடி இது, எலும்பும் தோலுமா கீறா? இவளா சாம்பியனு?"

"ஆமாம்மா. தினம் என்னத் தூக்கி வீசறா."

"உன்னத் தூக்க சாம்பியன் எதுக்கு? காத்தடிச்சாப் போதும்."

அம்மா அன்று ஆட்டுக்கறி செய்திருந்தாள். அவள் எலும்பைக்கூட விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பேப்பரின் ஓரத்தில் ஒரு குதிரையை வரைந்தாள், கறிச் சட்டியைக் காட்டினாள், தன் வயிற்றைத் தடவிக் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் ஊரில் இதைவிட ருசியாகக் குதிரை சமைப்போம் என்று அர்த்தம். அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அய்யய்யோ! குதிரையையா துன்றாங்க? டாங்கா வண்டிக்காரன் காதுல வுழுந்தா ஒதைப்பான்டி!"

அவள் எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள். பால் ஊற்றிய டீயை டம்ளர் டம்ளராகக் குடித்தாள். அவர்கள் ஊரிலும் டீக்குப் பால் உண்டாம், அதில் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் அம்மா அவளுக்கென்று நல்லி எலும்பு எடுத்து வைத்தாள். எனக்குக் கழுத்துத் துண்டுதான்.

மேட்டில் அவளிடம் நான் வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. ஆனால் என்னைக் கீழே போடும்போது தலை தரையில் மோதாமல் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துக்கொள்வாள். ஒரு துளி அலட்சியம் கிடையாது. கைப்பூட்டை எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். மொழி இல்லாததால் தன் கையையே என்னிடம் கொடுத்து, என் முழங்காலை இப்படி, இடுப்பை அப்படி என்று நகர்த்தி வைப்பாள். சரியாக விழுந்ததும் தானே என் காலில் தட்டிச் சிரிப்பாள்.

அந்த வருடம் பங்குனி வெயில் தொடங்கும்போது ஒரு வெளிநாட்டுப் போட்டிக்கு அணி தேர்வு செய்கிறார்கள் என்று சேதி வந்தது. நாற்பத்தெட்டில் ஒரே ஓர் இடம். எனக்கும் அந்த சாங்லிக்காரிக்கும்தான் போட்டி. தேர்வுக் குழுவில் இருந்த பெரிய மனிதர்களுக்கு ஜூடோவுக்கும் கபடிக்கும் வித்தியாசம் தெரியாது. சார் யாரைக் கை காட்டுகிறாரோ அவள் போவாள். வெளிநாட்டில் ஆடியதற்கு ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை நிச்சயம். அப்பாவுக்கு ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருடம்கூட இல்லை. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதுதான் என்னைத் தின்றது. அப்பா தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "சாரு ஏதாச்சும் சொன்னாரா?" என்று மட்டும் கேட்பார்.

சார் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம். அவர் பார்வை எப்போதும் அவள்மேல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை. எனக்கும் அவளுக்கும் ஆட்டம். வழக்கம்போல முதல் நிமிஷத்திலேயே என்னைத் தூக்கினாள், நான் எப்படியோ முறுக்கிக்கொண்டு குப்புற விழுந்தேன், புள்ளி போகவில்லை. என் மேல் வந்து விழுந்தவளின் வலது கை என் மார்புக்கு அருகில் தனியாகக் கிடந்தது. அப்படி அவள் கையை விட்டு நான் பார்த்ததே இல்லை. பிடித்துக்கொண்டேன். காலை அவள் முகத்துக்கு மேல் போட்டு, புரண்டு, இடுப்பை உயர்த்தினேன். அவள் சொல்லிக்கொடுத்த இடத்தில் எல்லாம் சரியாக விழுந்தது. ஐந்தாறு மாதத்தில் முதல் தடவை.

அவள் என் தொடையில் தட்டினாள்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் ஏதோ ஒரு கடிதத்தோடு கதவருகே வந்திருந்தார், சார் அவர் பக்கம் திரும்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடி தட்டினாள், வேகமாக. சனிக்கிழமை, வார்த்தை வரவில்லை, ஆகவே விடவில்லை என்று எத்தனை தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! நடுவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த விதியும் இல்லை, சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். சார் திரும்ப வேண்டும், நான் யாரைப் பூட்டியிருக்கிறேன் என்று பார்க்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்னும் ஒரு விநாடி பிடித்தால் திரும்பிவிடுவார் என்று இடுப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அவள் மூன்றாவது முறை தட்டினாள்.

முழங்கை விட்டுப்போனதை என் வயிற்றில் உணர்ந்தேன். அவள் ஒரே ஒரு தடவை கத்தினாள். அந்தச் சத்தத்துக்குத்தான் சார் திரும்பினார்.

ஓடி வந்து மண்டியிட்டார். அவர் முகம் எள்ளும் கொள்ளும் வெடிப்பது போல இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். தன் கையால் தரையைத் தட்டிக் காட்டி மறுபடி கேட்டார். தட்டினாயா என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, "நியெத்" என்றாள். இல்லை.

சாரின் கோபம் என்மேலிருந்து நகர்ந்தது. நகர்ந்து எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை. அவர் என் தோளைத் தொட்டு, "யூ கரெக்ட். யூ வெயிட்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கையை இழுத்து மூட்டுக்குள் தள்ளி மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "எப்டிடி ஆச்சு?"

"அவ தட்டலம்மா," என்றேன்.

முதல் பொய் அம்மாவிடம். சொல்லிப் பார்த்தேன், நாக்கில் சுலபமாக வந்தது.

"வலிச்சா தட்ட மாட்டாளா ஒருத்தி? அவ்ளோ ரோஷமா?"

"அப்டித்தான்."

"பாவம், யாரு பெத்த புள்ளையோ," என்று அம்மா அழுதாள்.

மறுநாள் கூடத்தில் எல்லாரும் கேட்டார்கள். அதையே சொன்னேன். தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டார், அவரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நடந்தது போலவே ஆகிவிட்டது. கசாக் சாம்பியனைப் பூட்டிய பெண், அவள் திமிரால் தட்டாமல் கையை உடைத்துக்கொண்டாள் என்று ஒரு கதை புனேயைச் சுற்றியது. அந்தக் கதையில் நான் நல்ல வீராங்கனை.

பதினோரு நாள் அவள் ஹாஸ்டலில் படுத்திருந்தாள். தினமும் சாயங்காலம் அம்மா கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு போவேன். அவள் இடது கையால் சாப்பிட முடியாமல் சிந்துவாள், நான் ஊட்டிவிடுவேன். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அவள் எனக்குப் பின்னால் கதவைப் பார்ப்பாள், யாராவது கூட வருகிறார்களா என்று. சாரும் நானும் ஒரே நேரத்தில் அங்கே இருந்த நாட்களில் சாப்பாட்டை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்மேல் கோபம் என்று நினைத்தேன். கோபம்தான் இருக்கட்டும், அதற்கு நான் தகுதியானவள்தான் என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். பன்னிரண்டாம் நாள் அவளை பம்பாய் ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார்கள். ஜீப் வரை அம்மா வந்து ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்தாள். நான் அவள் பையைத் தூக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

சார் என்னைக் கை காட்டினார். வெளிநாட்டில் நான் ஆடிய ஒரே ஆட்டம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எந்த நாட்டுப் பெண் என்னைப் போட்டாள் என்று பார்ப்பதற்குள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சான்றிதழில் அதெல்லாம் எழுத மாட்டார்கள். கலந்துகொண்டார் என்று எழுதினார்கள். அது போதுமானதாக இருந்தது. அப்பா ரிட்டயர் ஆவதற்கு முந்தின மாதம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அப்பா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

சார் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனார். போகும்போது எல்லாரையும் கட்டிப்பிடித்தார். என்னிடம், "யூ லேர்ன்" என்றார். அவர் ஊரில் அவருக்குத் தேசிய அணியின் தலைமைக் கோச் பதவி காத்திருந்தது.

அதற்கப்புறம் கட்கி பஜாரில் சைபர் கஃபே வந்தது. ஆபீஸ் விட்டு வரும் வழியில் உட்கார்ந்து அவள் பெயரை அடிப்பேன். பக்கத்து இருக்கைகளில் பையன்கள் சாட்டிங் செய்துகொண்டிருப்பார்கள், நான் ஏதோ தெரியாத எழுத்தில் பட்டியல் பட்டியலாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் பெயரின் வடிவமும் எண்களும் மட்டும் புரியும். கை உடைந்ததற்கு அடுத்த வருடம் அவர்கள் நாட்டுப் போட்டியில் அவள் பெயருக்கு எதிரே இரண்டு. அடுத்த வருடம் மறுபடி ஒன்று. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வெளிநாட்டுப் போட்டிகளின் பட்டியலில் அவள் எங்குமே இல்லை. நாற்பத்தெட்டில் வேறு யாரோ போனார்கள். அதற்கடுத்த வருடம் மூன்று, பிறகு ஐந்து, பிறகு எண்ணே இல்லை. உள்ளூரில் சமாளிக்கலாம், பெரிய போட்டிக்கு அந்தக் கை தாங்காது போல என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. பிள்ளையைத் தூக்கும்போது என் வலது முழங்கையைப் பார்ப்பேன். அது பாட்டுக்கு நன்றாக மடங்கி நீண்டது. எனக்கு வாழ்க்கையில் எதன்மேலும் பெரிய பிடிப்பு இல்லாமல் போனது அப்போதுதான். சிரித்தால் நடிப்பது போல இருக்கும், அழுதால் அதைவிட நடிப்பாக இருக்கும்.

புனேவில் கராடிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்து, தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் பிள்ளைகள் வந்து குவிந்துகொண்டிருந்த காலம். ஒரு நாள் எங்கள் ஜூடோ சங்கத்திலிருந்து போன் செய்து, வெளிநாட்டு ஜூனியர் பெண்கள் பயிற்சி முகாமுக்கு வருகிறார்கள், எடை பார்க்கும் மேஜையில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சிறுமியாக மெஷினில் ஏறி இறங்கினார்கள், எழுதிக்கொண்டே இருந்தேன். நாற்பத்தெட்டுக்காரி ஒருத்தியைத் தோளில் கை போட்டு அழைத்து வந்த கோச்சை நிமிர்ந்து பார்த்தேன். உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது. கன்னம் அதே சிவப்பு.

அவளுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. சத்தம் போட்டுக் கட்டிப்பிடித்தாள். முதல் கேள்வி அம்மாவைப் பற்றித்தான். நன்றாக இருக்கிறாள், மூட்டு வலிதான் என்றேன். அவள் இப்போது ஆங்கிலம் கற்றிருந்தாள், என்னுடையது போலவே தட்டுத்தடுமாறும் ஆங்கிலம். மத்தியானம் ஸ்டேடியத்துக்குப் பின்னால் இருந்த கேண்டீனில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

எத்தனையோ வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நீ தட்டினாய். மூன்று முறை. எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் விடவில்லை," என்றேன்.

"தெரியும்," என்றாள்.

"உன் கையை நாசம் செய்துவிட்டேன்."

அவள் சட்டைக் கையைச் சுருட்டி வலது கையை நீட்டினாள், மடக்கினாள், மேஜைமேல் ஊன்றித் தன் உடம்பை ஒரு தரம் தூக்கியே காட்டினாள். "ஆறு மாதம். அப்புறம் சரி. கைக்கு ஒன்றும் இல்லை," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பிறகு ஏன் உன் பெயர் எங்குமே இல்லை என்று கேட்டேன். அவள் டீயைக் கலக்கினாள், சர்க்கரை கரைந்து நெடுநேரம் ஆகியிருந்தது. பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். தட்டினேன் என்று அன்று சொல்லியிருந்தால் சார் உன்னைக் கூடத்தை விட்டே துரத்தியிருப்பார். உன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், உன் அப்பா வேலையை விடப்போகிறார் என்று தெரியும். அதனால் இல்லை என்றேன். சாயங்காலம் கோபம் ஆறியதும் நீயே அவரிடம் சொல்வாய் என்று நினைத்தேன். மறுநாள் சொல்வாய் என்று நினைத்தேன். பதினோரு நாள் பார்த்தேன்.

"அவர் என்ன நினைத்தார்?" என்றேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"தட்டத் தெரியாதவள் என்று நினைத்தார். வெறும் பயிற்சியில், திமிருக்காக, கையைக் கொடுத்தவள். இவள் ஒரு நாள் மேட்டில் கழுத்தை உடைத்துக்கொள்வாள், இவளை நான் அனுப்ப மாட்டேன் என்றார். தேசிய அணிக்கு அவர்தானே கையெழுத்துப் போட வேண்டும். நான் ஜெயித்த வருடமும் போடவில்லை. என் விரலைக்கூட அதற்கப்புறம் அவர் தொடவில்லை."

அவர் அவளைத் தலைமுழுகியிருந்தார். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் காரியம். ஒரு கடிதம் போதும். சான்றிதழ் வாங்கிய பிறகாவது, வேலை கிடைத்த பிறகாவது எழுதியிருக்கலாம். அப்போது எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உடைந்தது கை என்று நினைத்து அத்தனை வருடம் அந்தக் கைக்காக அழுதுகொண்டிருந்தேன். அழுவது சௌகரியமாக இருந்தது, அதற்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

"நீயே அவரிடம் சொல்லியிருக்கலாமே?" என்றேன். கேட்டதற்காக என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

"முதல் வருடம் சொன்னேன். அணியில் இடம் வேண்டும் என்று பொய் சொல்கிறாய், அந்தப் பெண் விதிப்படி ஆடினாள், அவள்மேல் பழி போடாதே என்றார்." ஸ்பூனைக் கீழே வைத்தாள். "போன வருடம் குளிர்காலத்தில் இறந்துபோனார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், தட்ட மட்டும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேன், என் தப்பு என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்."

கேண்டீன்காரன் அடுத்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொல்கிறேன் என்றேன். இப்போது சொல்கிறேன், உங்கள் சங்கத்துக்கு எழுதுகிறேன், யாரிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல், அவர்களிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். என் குரல் ஏறிவிட்டது.

அவள் உண்மையாகவே யோசித்தாள். ஒவ்வொருவராக மனதில் எண்ணிப் பார்ப்பது அவள் கண்ணில் தெரிந்தது. பிறகு, "இல்லை. இப்போது யாரும் இல்லை," என்றாள். சிறுமிகள் கூப்பிட்டார்கள். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவளை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவளைப் பார்த்தால் அம்மா, கை எப்படி இருக்கிறது என்று கேட்பாள், நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும்.

ஆக இங்கே எழுதியிருக்கிறேன். சாருக்கு இனி எட்டாது. அவள் பெயரைப் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. அவளால் ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியாத மொழியில் எழுதியிருக்கிறேன்.